ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவே மாட்டேன் என்கிறது: புதிதாக வாங்குவதா, ஃபார்மேட் அடிப்பதா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் 2016-ல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ3, பில்லோடு வந்த விண்டோஸ் 10, இணையத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட். பென்ஷன் கணக்கு பார்ப்பது, நெட் பேங்கிங், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவது, அப்புறம் பேரக்குழந்தைகளின் படங்களைச் சேர்த்து வைப்பது, இவ்வளவுதான் உபயோகம். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் சில மாதங்களாக 'அப்டேட் ஃபெயில்ட்' என்று சிவப்பில் காட்டுகிறது. ஒரு நாள் ஆகிறது, நாலு நாள் ஆவதில்லை. நடுவில் சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டுக் கார்டிலிருந்து பணமும் போய்விட்டது, ஆனால் திரையில் இன்னும் 'எக்ஸ்பயர்ட்' என்றே நிற்கிறது. அதைப் பார்த்த அண்ணன் மகன், இருக்கட்டும் என்று இன்னொரு இலவச ஆன்டிவைரஸையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விண்டோஸ் அப்டேட் பட்டியலிலும் 80070643 என்று முடியும் பிழை எண் திரும்பத் திரும்ப வருகிறதாம்.

போன மாதம் நிலைமை இன்னும் மோசமானது. பிரவுசரில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க எச்சரிக்கை, கூடவே அலறல் சத்தம், 'உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, உடனே அழையுங்கள்' என்று ஒரு நம்பர். பயந்துபோய் அழைத்திருக்கிறார். எதிர்முனையில் பேசியவர் மைக்ரோசாஃப்ட் ஆள் என்று சொல்லி, ஒரு ரிமோட் ஆப்பைப் போடவைத்து, மவுஸைத் தானே நகர்த்தி ஏதேதோ பட்டியல்களைக் காட்டி, 4,999 ரூபாய்க்குக் கார்டு நம்பர் கேட்டதும் இவருக்குச் சந்தேகம் வந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார். மறுநாள் கடைக்காரரிடம் கேட்டால், ஃபார்மேட் அடித்துப் புது விண்டோஸ் போட்டுவிடலாம் என்கிறார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இப்படி ஒரு பகுதி: "எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ராத்திரி சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவேன். காலையில் போட்டால் சில நாள் கறுப்புத் திரையில் ஏதோ எழுதி எஃப்1 அழுத்தச் சொல்லும். அழுத்தினால் வந்துவிடும். தேதி மட்டும் 2016 என்று இருக்கும், ஞாபகம் வந்தால் மாற்றிக்கொள்வேன். அது பழைய கதை, அதை விடுங்கள்."

அவர் கேட்பவை: வேறு ஆன்டிவைரஸ் வாங்கலாமா, ஃபார்மேட் அடிக்கலாமா, அப்டேட்டையே நிறுத்திவிட்டால் நிம்மதியா, பேங்க் பணத்துக்கு ஆபத்து உண்டா.

அம்மா, நீங்கள் விடச் சொன்ன அந்தப் பழைய கதையில்தான் முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம். அவசரமான விஷயம் ஒன்றுதான், அந்த ரிமோட் ஆப். அதை முதலில் முடித்துவிடுவோம்.

கார்டு நம்பர் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கினீர்களே, அது மிகச் சரியான காரியம். ஏமாந்துவிட்டேனே என்று இரண்டு பக்கம் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த எச்சரிக்கை உங்கள் கணினியிலிருந்து வந்ததே அல்ல, அது ஒரு வெப்சைட் பக்கம், அவ்வளவுதான். திரையை முழுக்க அடைத்துக்கொண்டு சத்தம் போட எந்தப் பக்கத்துக்கும் முடியும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மறுபடி வந்தால் எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள்.

ஆனால் அந்த ஆள் உங்கள் கணினிக்குள் சில நிமிடம் இருந்திருக்கிறார். என்னவெல்லாம் செய்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் எல்லாம் சுத்தமாகும்வரை அந்த டெஸ்க்டாப்பில் பேங்க் பக்கம் திறக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை உங்கள் மொபைலிலிருந்து மாற்றுங்கள். இமெயில் பாஸ்வேர்டு முதலில், பேங்க் அப்புறம். மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் லிங்க் எல்லாம் இமெயிலுக்குத்தான் வரும் என்பதால் இந்த வரிசை முக்கியம். இமெயிலில் 'எந்தெந்தச் சாதனங்களில் லாகின் ஆகியிருக்கிறது' என்ற பட்டியலும் இருக்கும், அதில் தெரியாதது இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் நெட்டை இணைக்காமல், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த ரிமோட் ஆப்பை நீக்குங்கள். தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் அதே நாளில் வேறு ஏதாவது ஏறியிருக்கிறதா என்பதும் தெரியும், இருந்தால் அதுவும் போகட்டும். ஆனால் உங்கள் கணினியில் தேதியே தாறுமாறாக இருப்பதால், பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி என்று ஒரு பட்டியல் உண்டு. நீங்கள் கேள்விப்படாத வெப்சைட் பெயர் அதில் இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். வலது மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் 'வைரஸ்' அறிவிப்புகளில் பாதி அங்கிருந்துதான் வரும்.

பணம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து இன்றுவரைக்குமான பேங்க் ஸ்டேட்மென்டை ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிடுங்கள். சிறிய தொகை, ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் போயிருந்தாலும் விடாதீர்கள். ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே பேங்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, பேங்கின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் மூன்றாவது ஆள் புகுந்து எடுத்த பணத்துக்கு, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நாமே கார்டு விவரம், ஓடிபி கொடுத்திருந்தால் கதை வேறு, புகார் சொல்லும்வரை போனது நம் தலையில்தான். சொன்ன பிறகு போவது பேங்கின் பொறுப்பு. நீங்கள் எதையும் கொடுக்கவில்லை, அந்த வகையில் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அந்த நம்பரைப் பதிவு செய்யலாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் புகாரால் அந்த ஆள் நாளைக்கே பிடிபடுவார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நம்பர் முடக்கப்பட ஒரு வாய்ப்பு கூடும்.

சரி, இப்போது உங்கள் பழைய கதைக்கு வருவோம்.

மதர்போர்டில் உள்ள அந்தச் சின்ன பேட்டரி

உங்கள் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசளவில் வெள்ளியாய்ப் பளபளக்கும் ஒரு வட்ட பேட்டரி தெரியும். மேலே கூட்டல் குறியும் 'சிஆர் 2032' என்ற எழுத்தும் இருக்கும். 3 வோல்ட். சிமாஸ் பேட்டரி என்பார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, நீங்கள் ஷட் டவுன் செய்திருந்தாலும், கடிகாரத்துக்கு வேண்டிய துளி மின்சாரம் பவர் சப்ளையிலிருந்தே வந்துவிடும். சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரிக்கு வேலை. 2016-லிருந்து தினமும் ராத்திரி முழுக்க அது தனியாக உழைத்திருக்கிறது. இப்போது தீர்ந்துவிட்டது. அதனால்தான் காலையில் கணினி எல்லாவற்றையும் மறந்து, தேதி தெரியாமல், எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது.

இதற்கும் ஆன்டிவைரஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அப்டேட் வாங்க உங்கள் கணினி அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசும்போது, அது உண்மையான சர்வர்தானா என்று முதலில் சரிபார்க்கும். சர்வர் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கணினி அன்றைய தேதியை 2016 ஜனவரி என்று நினைத்துக்கொண்டிருந்தால், போன மாதம் வழங்கப்பட்ட சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. போலி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும், அப்டேட் ஃபெயில்ட். தேதியை நீங்கள் திருத்திய நாளில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், மறந்த நாளில் நடக்காது. ஒரு நாள் ஆகிறது நாலு நாள் ஆவதில்லை என்று எழுதினீர்களே, அதன் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். 'எக்ஸ்பயர்ட்' என்று நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் சந்தா எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் மென்பொருள் தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பிரவுசரிலும் சில காலைகளில் 'உங்கள் கடிகாரம் பின்னால் ஓடுகிறது' என்ற மாதிரி ஒரு பக்கம் வந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

விண்டோஸ் தானே இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யாதா? செய்யும், ஆனால் சில நிமிடம், சில மணி நேரம் தவறியிருந்தால்தான். வருடக்கணக்கில் தவறியிருந்தால், இது வேறு ஏதோ கோளாறு என்று தொடாமல் விட்டுவிடுவதுதான் அதன் வழக்கம்.

மாற்றுவது சுலபம், அண்ணன் மகன் வந்தால் அவரிடமே சொல்லலாம். கணினியை அணைத்து, பவர் கார்டையே பின்னாலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரம் போகவிட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சின்ன கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே இருக்கும்படி அழுத்திவிட்டால் முடிந்தது. வாட்ச் கடையில், எலக்ட்ரிக்கல் கடையில் எங்கும் கிடைக்கும். கெட்டிக் காகிதத்தில் ஒட்டி வரும் நல்ல பிராண்டாக வாங்குங்கள், தளர்வாகக் கொட்டி வைத்திருப்பதை வாங்க வேண்டாம். முதல் தடவை போடும்போது செட்டப் திரையில் தேதியும் நேரமும் கேட்கும், கொடுத்துச் சேமிக்க வேண்டும். எதையாவது மாற்றுவதற்கு முன் அந்தத் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புது பேட்டரி பல வருடம் தாங்கும், சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை நீங்கள் விட வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: 'அப்டேட் செய்து அணைக்கவா' என்று கேட்கிற நாளில், கேபினெட்டின் விளக்கு முழுதாக அணையும்வரை சுவிட்சில் கை வைக்காதீர்கள். பாதியில் கரண்ட் போன அப்டேட் அடுத்த அப்டேட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

இரண்டு காவல் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு இல்லை

அண்ணன் மகன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், நிறையப் பேர் செய்வதும் இதுதான். ஆனால் ஆன்டிவைரஸ் என்பது விண்டோஸின் அடியாழத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் திறப்பதற்கு முன் நிறுத்திப் பார்க்கிற மென்பொருள். இரண்டு இருந்தால் ஒன்று நிறுத்தியதை இன்னொன்றும் நிறுத்தும். ஒன்று இறக்கிய புது வைரஸ் பட்டியலில் வைரஸின் அடையாளங்கள் இருக்கும் இல்லையா, அதையே இன்னொன்று வைரஸ் என்று பூட்டிவிடவும் செய்யும். அப்டேட் மறுபடி ஃபெயில்ட். கணினி மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதில் பங்கு உண்டு.

நான் சொல்வது, இரண்டையுமே எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், வீடு திறந்து கிடக்காது. விண்டோஸ் 10-லேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும், அவை முழுதாகப் போனதும் தானே எழுந்துகொள்ளும். நீக்கும் முன் காசு கொடுத்து வாங்கியதன் லைசன்ஸ் கீ இருக்கும் இமெயிலைத் தேடி எடுத்து வையுங்கள். செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் செய்தாலும் அதன் சில உள்பகுதிகள் (டிரைவர்கள்) தங்கிவிடும் என்பதால், பெரிய நிறுவனங்கள் பலவும் முழுதாகத் துடைப்பதற்கென்றே தனிக் கருவி ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடும்போது மேலே 'விளம்பரம்' என்று வருவதைத் தொடாதீர்கள், அங்கேயும் போலிகள் காத்திருக்கின்றன. ஒன்றை நீக்கி ரீஸ்டார்ட், அடுத்ததை நீக்கி ரீஸ்டார்ட்.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதிக்குள் போய், கீழே இருக்கும் ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ் என்பதைத் தட்டுங்கள். அங்கே கடைசி அப்டேட் எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு வரி இருக்கும். இனி நீங்கள் நம்ப வேண்டியது அந்த வரியைத்தான், மூலையில் தோன்றி மறையும் சிவப்பு மஞ்சள் பெட்டிகளை அல்ல. இன்றைய தேதியோ நேற்றைய தேதியோ இருந்தால் நலமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுங்கள். இது சரியாக நடந்ததும் அதே இடத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும், கால் மணி நேரம் போல ஆகும். அந்த ரிமோட் ஆள் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருந்தால் ஒளிந்துகொள்வது கடினம். இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்றால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-லிருந்து நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசச் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒருமுறை ஓட்டிவிட்டு நீக்கிவிடலாம்.

ஒரு வாரம் டிஃபெண்டரோடு இருந்து பாருங்கள். அதற்கப்புறமும் காசு கொடுத்ததை வீணாக்க மனமில்லை என்றால் அதை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், உங்கள் உபயோகத்துக்கு டிஃபெண்டரே போதும்.

80070643 என்ற எண்

இந்த எண்ணுக்கு 'இன்ஸ்டால் செய்ய முடியவில்லை' என்பதைத் தவிரப் பெரிய அர்த்தம் கிடையாது. எது இன்ஸ்டால் ஆகவில்லை என்பதுதான் கேள்வி. அப்டேட் ஹிஸ்டரியில் அந்த எண்ணுக்கு மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். கேபி 2267602 என்றிருந்தால் அது டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல். பேட்டரியை மாற்றி, இரண்டு ஆன்டிவைரஸையும் நீக்கியதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அந்தப் பட்டியலைத் தனி ஃபைலாக இறக்கி இருமுறை கிளிக் செய்து ஏற்றலாம், 64 பிட்டுக்கானதை எடுங்கள். கேபி 5034441 என்றிருந்தால் அது வேறு. 2024 ஜனவரியில் வந்த அந்த அப்டேட், விண்டோஸ் கெட்டால் மீட்பதற்காக டிஸ்கில் ஒதுக்கியிருக்கும் ரெகவரி பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லாத கணினிகளில் எல்லாம் இதே எண்ணைக் காட்டித் தோற்றது, மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டது. அது அடைப்பது, டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதியில் இருந்த ஓட்டை. உங்கள் டெஸ்க்டாப்பில் பிட்லாக்கர் போடவில்லை என்றால் கவலையே வேண்டாம். யூடியூபைப் பார்த்து டிஸ்க் பார்ட்டிஷனை வெட்டி ஒட்டும் வேலையில் யாரையும் இறங்க விடாதீர்கள், படங்கள் போய்விடும்.

நீங்கள் ஹாட்ஸ்பாட்டில் இருப்பதால் இன்னொன்றையும் பாருங்கள். வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் ஆகியிருந்தால், டேட்டா செலவாகுமே என்று விண்டோஸ் பல அப்டேட்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் அதை ஆஃப் செய்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நெட்டோடு சேர்த்துக் கணினியைச் சும்மா ஓடவிடுங்கள். அரை மணி நேரம் திறந்து அணைக்கிற கணினிக்கு அப்டேட் முழுதாக இறங்க நேரமே கிடைப்பதில்லை. தொடர்ந்து 2 மணி நேரம், மொத்தத்தில் 6 மணி நேரமாவது இணையத்தோடு இருக்க வேண்டும் என்பது 2022-ல் மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு.

ஃபார்மேட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கடைக்காரர் ஃபார்மேட் அடித்தாலும் தீர்ந்துபோன பேட்டரி தீர்ந்ததாகவே இருக்கும். இரண்டு நாள் கழித்து அதே பிழை புது விண்டோஸிலும் வரும். பேரக்குழந்தைகளின் படங்களை அவர் எடுத்து வைப்பாரா, எதை விடுவார் என்று தெரியாது. இன்னொன்று, உங்களிடம் பில்லோடு வந்த ஒரிஜினல் விண்டோஸ் இருக்கிறது. சில கடைகளில் ஃபார்மேட்டுக்குப் பிறகு கிராக் செய்த காப்பியைப் போட்டுத் தருகிறார்கள். கிராக் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், அப்டேட்டை முடக்கும். இருப்பதையும் இழப்பீர்கள். ஆஃப்லைன் ஸ்கேனில் உண்மையிலேயே மோசமாக ஏதாவது சிக்கினால் மட்டும் ஃபார்மேட் பற்றிப் பேசலாம். எதற்கும் இன்றே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் படங்களைக் காப்பி எடுத்து, எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.

அப்டேட்டையே நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024-ல் ஒரு அப்டேட்டால் விமான நிலையங்களே ஸ்தம்பித்ததைப் பேப்பரில் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அந்த ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. ஆனால் அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், உங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது அல்ல. மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 மே 12-ல் வானாகிரை பரவி உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தது. போட்டவர்களின் கணினியில் அந்த ஓட்டையே இல்லை. பேங்க் கணக்கு திறக்கிற கணினியில் அப்டேட்டை நிறுத்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கார்டிலிருந்து போன பணம்

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிக் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ இமெயிலோ வர வேண்டும், அதிலேயே வேண்டாம் என்று மறுக்கவும் வழி இருக்க வேண்டும். பழைய மெசேஜ்களைத் தேடுங்கள். வந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் பேங்கைக் குறை சொல்ல முடியாது. வரவே இல்லையென்றால் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எப்படியானாலும் அந்தத் தானியங்கி அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, பேங்க் ஆப்பிலோ கிளையிலோ இன்றே செய்துவிடலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்கும் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்று நீங்கள் கோபப்படுவது நியாயமாகத் தெரிகிறது, ஆனால் கோளாறு உங்கள் கடிகாரத்தில் இருந்தால் அந்த வாதம் நிற்காது. பேட்டரியை மாற்றித் தேதி சரியான பிறகு லைசன்ஸ் கீயைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 'எக்ஸ்பயர்ட்' என்றால் திரையைப் படம் எடுத்து, பணம் போன ரசீதோடு நிறுவனத்துக்கு இமெயில் அனுப்புங்கள். ரீஃபண்ட் கால அவகாசம் எத்தனை நாள் என்று அவர்கள் விதிமுறையில் இருக்கும், அது கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போகலாம், இந்த மாதிரிச் சிறிய தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஒரு வருடச் சந்தாவுக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இமெயிலும் 1915-ம் போதும் என்பது என் எண்ணம்.

இன்னும் எவ்வளவு நாள் இந்தக் கணினி

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. வைரஸ் பட்டியல் அப்டேட் ஆகிறது என்பதும் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடுகின்றன என்பதும் ஒன்றல்ல. முதலாவது பச்சையாக இருப்பதைப் பார்த்து இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுக்கு, வீட்டு உபயோகத்தில் இருப்பவர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. உங்கள் விண்டோஸ், 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும், அதற்கும் முதலில் அப்டேட் ஒழுங்காக நடக்க வேண்டும். தேதிக் கோளாறை முடித்த கையோடு இதில் சேர்ந்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 உங்கள் கணினிக்கு முறைப்படி வராது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேண்டும் என்கிறார்கள், உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன், நாளைக்கு அப்டேட் வராவிட்டால் கேட்க ஆள் இல்லை. மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது புதுக் கணினி பற்றிப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் நெட் பேங்கிங்கை மொபைலிலேயே பேங்கின் சொந்த ஆப்பில் செய்வது உங்களுக்கு நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும், மற்ற வெப்சைட்டுகள் எல்லாம் திறந்து, மைக்ரோசாஃப்ட் தளமும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களும் மட்டும் திறக்க மறுத்தால், அது பேட்டரி வேலை அல்ல. ஏதோ ஒன்று வேண்டுமென்றே வழியை மறிக்கிறது, 2008-ல் வந்த கான்ஃபிக்கர் வைரஸ் செய்ததும் இதைத்தான். அப்படி இருந்தால் கணினியை நெட்டிலிருந்து பிரித்துவிட்டு, ஆஃப்லைன் ஸ்கேன் முடிவில் வந்த பெயரையும் அப்டேட் ஹிஸ்டரியின் படத்தையும் மொபைலிலிருந்து எனக்கு அனுப்புங்கள். படத்தில் உங்கள் இமெயில் முகவரி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.